வேடம் தந்த புகழும் நடிகரின் மனச்சான்றும்

நாடக மேடையில் ஏற்ற வேடத்தை நடிகர் அன்றிரவே களைந்துவிடலாம். திரைப்படத்தில் ஏற்ற வேடத்திலிருந்து சில மாதங்களில் விடுபடலாம். ஆனால், வாரத்தில் ஐந்து நாட்கள், ஆண்டுக்கணக்கில், இல்லந்தோறும் வந்துபோகும் தொலைக்காட்சித் தொடரில் ஏற்ற வேடமோ நடிகரின் பெயரையே விழுங்கிவிடும். இதற்குத் தலையாய சான்று அமெரிக்க நடிகர் ஆன்டனி கியரி. 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' என்னும் தொடரில் லூக் ஸ்பென்சர் என்னும் பாத்திரத்தை அவர் 1978இல் ஏற்றார். நிலையாக விடைபெற்றதோ 2015இல். இடையிலே சில ஆண்டுகள் விலகியிருந்தும் மக்கள் அவரை லூக் என்றே அழைத்தனர். அந்தப் புகழின் அடித்தளத்தில் ஒரு குற்றம் கிடந்தது. பார்த்தவர்கள் அதை மறந்தார்கள். நடித்தவரால் மறக்க இயலவில்லை.

'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' ஏபிசி நிறுவனத்தின் பகல்நேரத் தொடர். 1963 ஏப்ரல் முதல் நாளன்று தொடங்கிய அது, 1970களின் பிற்பகுதியில் பார்வையாளரை இழந்து, நிறுத்தப்படும் நிலையை எய்தியது. அதை மீட்டெடுக்க 1978இல் அமர்த்தப்பட்ட தயாரிப்பாளர் குளோரியா மான்டி கதையோட்டத்தை விரைவாக்கினார். இளையோரைக் கவரும் நிகழ்ச்சிகளைப் புகுத்தினார். அவ்வாறு புகுத்தப்பட்டவனே லூக். குற்றக் கும்பலுக்கு ஏவல் செய்யும் கீழ்மகன். சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு மறைய வேண்டியவன்.

1979 அக்டோபரில் ஒளிபரப்பான ஒரு காட்சி அவன் தலையெழுத்தை மாற்றியது. ஆளற்ற நடன அரங்கில், தன்னிடம் வேலை பார்க்கும் லாரா என்னும் இளம்பெண்ணை லூக் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்குகிறான். அவள் அப்போது மற்றொருவருடைய மனைவி. அப்பாத்திரத்தை ஏற்ற ஜெனி ஃபிரான்சிஸுக்கு அன்று வயது 17.

கதை நேர்மையாக நடந்திருக்குமாயின், அதன்பின் வழக்கும் தண்டனையும் வந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. இவ்விருவரும் இணைந்து தோன்றும் காட்சிகளை மக்கள் பெரிதும் விரும்புகின்றனர் என்று தெரிந்ததும், கதை திசைமாறியது. கொடியவன் காதலனானான், காதலன் வீரனானான், 1981இல் உலகையே பனியில் உறையவைக்க முயன்ற கூட்டத்தை முறியடிக்கும் மீட்பனும் ஆனான். அவ்வாண்டு நவம்பர் 16, 17 ஆகிய நாட்களில் லூக்–லாரா திருமணம் ஒளிபரப்பானபோது ஏறத்தாழ 3 கோடிப் பேர் அதைக் கண்டனர். அமெரிக்கப் பகல்நேரத் தொடர் வரலாற்றில் அதனை மிஞ்சிய கூட்டம் இல்லை. புகழ்பெற்ற எலிசபெத் டெய்லரே அம்மணவிழாவில் ஒரு வேடமேற்று வந்தார்.

இம்மாற்றம் எவ்வாறு கைகூடியது என்பதே திறனாய்வாளர் நோக்க வேண்டியது. நாள்தோறும் வரும் தொடர் மறதியை நம்பி வாழ்வது. நாவலைப் படிப்பவர் ஐயம் தோன்றினால் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டலாம். அன்றைய தொலைக்காட்சி நேயருக்கு அவ்வாய்ப்பு இல்லை. முந்தைய ஆண்டு நடந்ததை, நடந்தவாறன்றி, இன்றைய கதைக்கு ஏற்றவாறு சொல்லிவிட முடியும். இங்கே அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கொடுமையைப் பல ஆண்டுகள் 'மயக்கி இணங்கச் செய்தல்' என்னும் பொருள்படும் மெல்லிய சொல்லாலேயே குறித்தார்கள். சொல்லை மாற்றிய பின் குற்றம் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

இது அவர்கள் நாட்டுக்கு மட்டும் உரிய பிழையன்று. தமிழ் நாளேடுகளும் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே எழுதி வந்தன. செய்தவனின் கொடுமையைச் சொல்லாமல், பாதிக்கப்பட்டவளே எதையோ இழந்தாள் என்று சொல்லும் சொல் அது. ஒரு கொடுமையை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதிலேயே நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும் அன்றோ!

கியரியின் நிலைக்கு வருவோம். பெருங்கூட்டங்களில் பெண்கள் சிலர், லாராவுக்கு நேர்ந்தது தமக்கும் நேர வேண்டுமென்று விளையாட்டாகக் கூவும் அளவுக்குப் புகழ் முற்றியது. குற்றம் காதலாகப் போற்றப்படுவது தமக்கு ஒவ்வவில்லை என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார். தம் நடிப்பாற்றலே அக்குற்றத்தை அழகாக்கிக் காட்டிற்று என்பதை உணர்ந்த கலைஞருக்கு அது எளிய சுமையன்று. 1980களின் முற்பகுதியிலேயே தொடரை விட்டு வெளியேறினார். 1991இல் திரும்பி வந்தபோதும் லூக்காக வரவில்லை. லூக்கின் முகச்சாயல் கொண்ட உறவினன் பில் எக்கர்ட்டாக வந்தார். முகத்தைத் தந்து பெயரை மறுக்கும் முயற்சி அது. மக்கள் ஏற்கவில்லை. 1993இல் பில் கதையிலிருந்து நீக்கப்பட, கியரி மீண்டும் லூக்கானார்.

நடிகர் வேடத்திடம் தோற்றுவிட்டார் என்று இதனை முடித்துவிடலாம். ஆனால் 1998இல் நிகழ்ந்தது அம்முடிவை மறுக்கிறது. லூக்–லாரா இணையரின் மகன் லக்கி, வன்கொடுமைக்கு ஆளான எலிசபெத் என்னும் பெண்ணுக்குத் துணைநிற்கிறான். அவள் துயரத்தை அருகிருந்து காணும் அவ்விளைஞனுக்கு, தன் தந்தையும் அதே கொடுமையைத் தன் தாய்க்கு இழைத்தவர் என்னும் உண்மை தெரியவருகிறது. 19 ஆண்டுகளாக மெல்லிய சொல்லால் மூடிவைத்த குற்றத்தை அதன் உண்மைப் பெயரால் அழைக்கும் கட்டாயம் லூக்குக்கு நேர்கிறது.

இத்தொடரின் உயர்ந்த பகுதி இதுவே எனலாம். ஊர் மன்றத்தின் முன் குற்றத்தை மறுக்கலாம். மனைவியிடம் மன்னிப்பு வேண்டிப் பெறலாம். வளர்ந்த மகனின் பார்வைக்கு என்ன விடை கூறுவது? வீரன் என்று தன்னை நம்பியிருந்தவன் முன் லூக் கூனிக் குறுகுவதைக் கியரி நடித்துக் காட்டினார். தாம் அழகாக்கிய ஒன்றைத் தாமே அழகிழக்கச் செய்தார். வேடத்தை உதறியெறிய முடியாத நடிகர், அதற்குள்ளேயே நின்று அதற்கெதிராகச் சான்று கூறும் வழி இதுவாகத்தான் இருக்க இயலும்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்கவியலாது. இக்கதையின் நடுவிடம் பெரும்பாலும் லூக்குக்கே உரியதாயிற்று. அவன் வருந்துகிறான், அவன் மாறுகிறான். இறுதிக் காலக் கதையில் அவனுடைய இளமைக் கால வன்முறையும் காட்டப்பட்டு, அவன் நம் இரக்கத்துக்கும் உரியவனாகிறான். குற்றவாளியின் உள்ளத்தை அகழ்ந்து காட்டுவது இலக்கியத்துக்கு உரிய பணியே. ஆயினும், பாதிக்கப்பட்டவளின் உள்ளத்தை அதே அளவு அகழாதபோது தராசு ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது. கியரி சிறந்த முன்னணி நடிகருக்கான பகல்நேர எம்மி விருதை 8 முறை பெற்றார். ஜெனி ஃபிரான்சிஸுக்கோ, சிறுமியாயிருந்தபோது நடிக்கச் சொல்லி நடித்த ஒன்றுக்குப் பல பத்தாண்டுகள் விளக்கம் சொல்லும் கடமை வாய்த்தது. அதனை இனி நியாயப்படுத்தப் போவதில்லை என்று அவர் பின்னாளில் உறுதியாக உரைத்தார். லாராவின் குரலாகத் தொடர் எழுதத் தவறிய உரையாடல் அது.

2015இல் தொடரை விட்டு நீங்கிய கியரி, நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்து, 2025 டிசம்பரில் தம் 78ஆம் வயதில் காலமானார். இரங்கல் செய்திகளில் முதலில் எழுந்தது 1981இன் மணவிழாவே. அவரை அளக்க நாம் 1998இன் காட்சிகளையே கொள்ள வேண்டும். மணவிழாவில் அவர் மக்கள் விரும்பியதைத் தந்தார். மகன் முன் தலைகுனிந்த காட்சியில், அவர்கள் காண மறுத்ததைக் காணச் செய்தார்.

தொடர் பார்க்கும் இல்லங்களுக்கும் இதில் பங்குண்டு. கொடியவன் வீரனானது எழுத்தாளர் ஒருவரின் எழுதுகோலால் மட்டுமன்று. அவனை விரும்பிய நேயர் கூட்டத்தாலும்தான். நம் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து நாம் எவனுக்காக மகிழ்கிறோம், எவள் அழுகையை எளிதில் மறக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். லக்கி கேட்ட கேள்வியை அவர்களும் ஒருநாள் நம்மிடம் கேட்கக்கூடும்.