மரபும் கைத்திறனும்: வீடியோ விளையாட்டுக் கொன்ட்ரோலர் விவாதம் பற்றிய ஒரு நோக்கு

'மரபு' என்னும் சொல் நமது இலக்கிய விமர்சனத்திற் பட்ட பாட்டினை இவ்விதழின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, உழைக்கும் மக்களின் பேச்சுமொழி ஆக்க இலக்கியத்துட் புகுவதை 'இழிசனர் வழக்கு' என்று கூறி மறித்தவர்கள், தாம் காத்து நின்றது காலங்காலமாக வரும் தமிழ் மரபையே என நம்பினர். மறுபுறத்தே கைலாசபதி, சிவத்தம்பி முதலானோர், மரபு வரலாற்றில் உருவாவது, ஆதலின் வரலாற்றில் மாறுவது என எடுத்துக்காட்டினர். அப்போராட்டத்தைக் கற்ற எவருக்கும், மரபு என்ற கூக்குரல் எழும் இடமெல்லாம், அது எவருடைய மரபு, எத்தனை வயதுடையது, எவரை வெளியே நிறுத்துவதற்குப் பயன்படுகின்றது என்று வினவும் பழக்கம் ஏற்பட்டுவிடுகின்றது.

அவ்வினாக்களை, ஆய்விதழ்கள் பெரும்பாலும் கண்ணெடுத்தும் பாராத ஒரு பொருளிடத்துக் கேட்க முனைகின்றோம். வீடியோ விளையாட்டுப் பொறிகளை இயக்கும் கைக்கருவியாகிய கொன்ட்ரோலர் எவ்வடிவில் அமைய வேண்டும் என்பது பற்றி விளையாடுவோரிடையே நிகழ்ந்த விவாதமே அப்பொருள். இதனை அற்பமெனத் தள்ளிவிட முடியாது. புத்தளம் மாவட்டத்துக் கரையில் உள்ள நுரைச்சோலை போன்ற ஊர்களில், நாவல் படிப்போரினும் இவ்வகை விளையாட்டிற் பொழுதைச் செலவிடும் இளைஞர் மிகப் பலர் என்பதை அங்கு ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்கும் எவரும் உணர்வர். மக்கள் தமது ஓய்வை எதிலே செலவழிக்கின்றனரோ அது விமர்சகனின் கவனத்துக்கும் உரியதாகின்றது.

விவாதத்தின் வரலாறு சுருக்கமானது. 2005 செப்டெம்பரில் டோக்கியோவில் நடைபெற்ற விளையாட்டுக் கண்காட்சியில், நின்டென்டோ நிறுவனத்தின் தலைவர் சத்தோரு இவாத்தா, தொலைக்காட்சி ரிமோட்டை ஒத்த ஒரு கருவியைக் காட்டினார். ஒரு கையாற் பிடித்து, வீசியும் சுட்டியும் இயக்க வேண்டிய கருவி அது. அடுத்த ஆண்டு நவம்பரில் 'வீ' என்னும் பெயருடன் அப்பொறி விற்பனைக்கு வந்தது. இரு கைகளாலும் பற்றி, இடப் பெருவிரலால் திசையையும் வலப் பெருவிரலாற் செயலையும் நடத்தும் வழமையான கொன்ட்ரோலரிற் பழகியோர் இரு சாராராகப் பிரிந்தனர். நுட்பமான ஆட்டத்துக்கு உதவாத விளையாட்டுச் சாமான் இது, கை சோர்ந்துவிடும், மரபு கெட்டுவிடும் என்றனர் ஒரு சாரார். பொத்தான்களின் ஆதிக்கம் ஒழிந்தது, இனி மனித உடல் இயல்பாக அசைந்தாற் போதும் என்றனர் மறுசாரார். நிறுவனமோ இரு சாராருக்கும் விற்றது. பழைய அமைப்பிலான 'கிளாசிக் கொன்ட்ரோலர்' அதே கடையில் தனி விலைக்குக் கிடைத்தது.

முதலில் அம்மரபின் வயதைப் பார்ப்போம். 1972இல் வெளிவந்த மக்னவொக்ஸ் ஒடிசி என்னும் முதல் வீட்டுப் பொறியைத் திருகுகுமிழ்களைச் சுழற்றியே ஆடினர். 1977இல் வந்த அட்டாரிப் பொறிக்கு, முழுக் கையாற் பற்றி அசைக்கும் கோல் இருந்தது. பெருவிரலால் அழுத்தும் சிலுவை வடிவத் திசைப்பொத்தானை நின்டென்டோவின் குன்பெய் யொக்கோய் 1982இல் ஒரு சிறு கையடக்கப் பொறிக்காக அமைத்தார். 1983இல் வந்த ஃபமிகொம் பொறியே அதனை வீட்டுக்குள் நிலைநிறுத்தியது. கோலிற் பழகியவர்களுக்கு அதுவே அன்று மரபு மீறலாகும். பெருவிரலால் அசைக்கும் சிறுகோல் 1996இல் நின்டென்டோ 64 உடன் வந்தது. அத்தகைய கோல்கள் இரண்டினைக் கொண்ட சோனியின் கொன்ட்ரோலர் 1997இல் வந்தது. ஆக, 2006இல் எவராலும் மீறப்படலாகாது எனப்பட்ட மரபுக்கு, மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் இருபத்துமூன்று வயதே. அதனைக் காக்க எழுந்தோருட் பலர் அதனினும் மூத்தவர்கள்.

மரபுவாதம் இவ்வளவு எளிதாக அம்பலப்படுகையில், புதுமைவாதத்தின் 'இயல்பு' என்ற கோரிக்கையும் அதே பரிசோதனைக்கு உட்பட வேண்டும். டென்னிஸ் ஆடுவதற்குக் கையை வீசினாற் போதும், பயிற்சி வேண்டியதில்லை என விளம்பரங்கள் கூறின. ஆனால் விளையாடியவர்கள் விரைவிலேயே ஒன்றைக் கண்டுகொண்டனர்: நாற்காலியிற் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சற்றே சுண்டினாலும் திரையிலுள்ள உருவம் முழு வீச்சாகவே பந்தை அடித்தது. கருவியினுள் இருந்த உணரி வேகமாற்றத்தை அளந்ததேயன்றிக் கையின் திருப்பத்தைத் துல்லியமாக அறியும் ஆற்றல் கொண்டிருக்கவில்லை. அக்குறையை ஓரளவு நீக்கும் துணைக்கருவி 2009இலேயே வந்தது. அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கூத்தில் வில்லேந்தும் கை உண்மையாக வில்லை ஏந்துவதில்லை. ஆடுவோனும் பார்ப்போனும் ஏற்றுக்கொண்ட ஒரு குறி அது. வீயின் வீச்சும் அத்தகைய குறியே. வேறுபாடு என்னவெனில், கூத்தின் குறியை ஊரே உருவாக்கியது. இதன் குறியை ஒரு நிறுவனம் உருவாக்கி, அதற்கு 'இயல்பு' எனப் பெயரிட்டது.

கருவி பிரதியை எவ்வளவு ஆழமாக மாற்றுகின்றது என்பதற்கு, இலக்கிய மாணவர் எவரும் தவறவிடலாகாத ஒரு சான்று உண்டு. 'ஸெல்டா' விளையாட்டு வரிசையில் 'ட்வைலைட் பிரின்சஸ்' என்ற ஆக்கம் 2006இன் இறுதியில் அந்நிறுவனத்தின் இரு பொறிகளுக்காகவும் வெளிவந்தது. ஒன்று பழைய கேம்கியூப், மற்றையது வீ. அவ்வரிசையின் கதாநாயகன் லிங்க் இடக்கையிலே வாளேந்துபவன். வீயை வாங்குவோரிற் பெரும்பாலோர் வலக்கையால் வீசுவர் ஆதலின் வாள் வலக்கைக்கு மாற வேண்டியதாயிற்று. அதனைச் செய்வதற்குக் கதாநாயகனின் கையை மட்டும் மாற்றவில்லை. கதையுலகம் முழுவதையும் கண்ணாடி பிம்பம்போல இடவலமாகத் திருப்பிவிட்டனர். ஒரு பிரதியில் மேற்கே உள்ள பாலைவனம் மற்றதிற் கிழக்கே இருக்கின்றது. ஒரு காப்பியத்தின் ஐந்திணையையும் வாசகனின் கைப்பழக்கத்துக்காக இடம்மாற்றிய பதிப்பாசிரியனை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். இங்கு வடிவம் உள்ளடக்கத்தை நிர்ணயித்தது என்று கூறி அமைவது போதாது. பெரும்பான்மை வாங்குவோன் எக்கையன் என்ற சந்தைக் கணக்கே வடிவத்தையும் உள்ளடக்கத்தையும் ஒருங்கே நிர்ணயித்தது. இடக்கையாளர் தமக்கென்றிருந்த அபூர்வமான ஒரு வீரனை இழந்தனர்.

எனினும் பழைய கருவிக்காக வாதாடியோரை வெறும் பழமைவாதிகள் என ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கை என்பது உழைப்பதற்கான உறுப்பாக மட்டுமன்றி, தலைமுறை தலைமுறையான உழைப்பினால் உருவாக்கப்பட்டதாகவும் உள்ளது என்ற கருத்தை ஏங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். பத்தாண்டுகள் ஒரு கருவியைப் பற்றிய கையிலே, கண் பாராமலே பொத்தானைத் தேடிச் செல்லும் அறிவு படிந்துவிடுகின்றது. கருவி மாறும்போது அவ்வறிவு ஒரே நாளில் மதிப்பிழக்கின்றது. இந்த இழப்பு உண்மையானது. தமிழில் எழுதும் நம்மவர் இதனைத் தமது விரல்களிலேயே அறிவர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ் 99' விசைப்பலகை நியமமாயிற்று. உயிர் இடப்புறமும் மெய் வலப்புறமுமாக அமைந்து, புள்ளியைப் பல இடங்களில் தானே இட்டுக்கொள்ளும் அவ்வமைப்பு, புதிதாகக் கற்போருக்குத் தட்டச்சுப்பொறி அமைப்பினும் எளிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இலங்கையின் அச்சகங்களில் எழுத்துக் கோப்போர் பலர் 'பாமினி'யை விடவில்லை. அவர்களை அறியாமையுடையோர் என்பது எளிது. நாளொன்றுக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கிற் கூலி பெறுபவருக்குப் புதிய பலகையைப் பழகும் மாதங்களுக்கான கூலியை எவர் கொடுப்பது என்பதே அங்கிருந்த கேள்வி. பொறிகளைத் திறனின் எதிரியாக மாற்றுவது பொறியின் குணமன்று; மாற்றத்தின் செலவைத் திறனுடையோன் தலையிற் சுமத்தும் உற்பத்தி உறவே அதனைச் செய்கின்றது.

விளையாடுவோர் தமது மனக்குறையை இவ்வாறு விளங்கிக்கொள்ளவில்லை என்பதே அவர்களது வாதத்தின் பலவீனம். இழப்பின் கோபத்தை அவர்கள் நிறுவனத்தின் மீது திருப்பவில்லை. புதிதாக வந்தோர் மீது திருப்பினர். முதியோர், இல்லத்தரசிகள், சிறுவர், இதுகாறும் பொத்தான்களின் எண்ணிக்கை கண்டு அஞ்சி விலகி நின்றோர் ஆகிய இவர்களெல்லாம் 'பொழுதுபோக்காக ஆடுவோர்' என ஒரு தாழ்ந்த வகுப்பாயினர். தாம் மட்டுமே மெய்யான விளையாட்டாளர். 1960களில் நம்மிடையே இலக்கணம் கற்றோர் கற்காதோரைப் பார்த்த பார்வையை இதிலே அடையாளங் காண்பது கடினமன்று. பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீக்கள் விற்பனையாயின என்பது, வாயிலுக்கு வெளியே எவ்வளவு பேர் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதையே காட்டுகின்றது. ஆனால் அவ்வாயிலைத் திறந்தது மக்கள்மீதுள்ள பரிவன்று. போட்டியாளர் எட்டாத சந்தையைத் தேடிய கணக்கு அது. 2012இல் வந்த அடுத்த பொறி, திரை பதித்த பெருங் கொன்ட்ரோலர் ஒன்றை முன்வைத்து ஒன்றரைக் கோடியையும் எட்டாது வீழ்ந்தபோது, வீயோடு வந்தவர்களை எவரும் தேடவில்லை. வழமையான வடிவத்தைப் பற்ற இயலாதோருக்காக மைக்ரோசொஃப்ட் 2018இல் வெளியிட்ட, பெரிய அழுத்துதட்டுகளும் வேறு ஆளிகளை இணைக்கும் துளைகளும் கொண்ட கொன்ட்ரோலரை நாம் மனமார வரவேற்கின்றோம். கருவியின் வடிவம் எவரை உள்ளே விடுகின்றது என்ற கேள்வியை அது நேராகவே ஏற்றது. வெளியானபோது அதன் விலை நூறு அமெரிக்க டொலராக இருந்தது என்பதையும் உடன் குறிக்கவேண்டியுள்ளது.

மரபான கொன்ட்ரோலரை மிகுந்த உற்சாகத்துடன் அரவணைத்துக்கொண்டவர் வேறொருவர். 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்த 'கொலராடோ' என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில், பெரிஸ்கோப்பின் வேலையைச் செய்யும் கம்பத்தை இயக்குவதற்கு எக்ஸ்பொக்ஸ் 360 கொன்ட்ரோலர் பொருத்தப்பட்டது. முன்பிருந்த இயக்குகோலின் விலை ஏறத்தாழ 38,000 டொலர். இதன் விலை ஏறத்தாழ 30 டொலர். இலாபம் இவ்வித்தியாசத்தில் மட்டும் இல்லை. சேர்ந்து சில நிமிடங்களிலேயே இளம் மாலுமி அதனை இயக்கிவிடுகின்றான். ஏனெனிற் பயிற்சியைத் தனது சிறுபராயத்தில், தனது செலவில், தனது ஓய்வுநேரத்தில் அவனே முடித்துக்கொண்டு வந்திருக்கின்றான். தொழிலாளியின் திறனை மூலதனம் எவ்வாறு பிரித்தெடுக்கின்றது என்பதை ஹரி பிரேவர்மன் 1974இல் ஆராய்ந்தபோது, களம் தொழிற்சாலையாகவே இருந்தது. இங்கு விளையாட்டறையே ஊதியமில்லாப் பயிற்சிச்சாலையாகிவிட்டது. மரபு காக்கப்பட வேண்டும் என்று வாதாடியவர்கள், தமது கைத்திறன் இவ்வாறு பெறுமதி பெறும் என எண்ணியிருக்கமாட்டார்கள்.

இனி நுரைச்சோலைக்கு வருவோம். இக்கரையில், கையா பொறியா என்ற வாதம் விளையாட்டுக்கு முன்னரே கடலில் எழுந்துவிட்டது. கரைவலையைப் பலர் வரிசையில் நின்று, அம்பா பாடி, கையால் இழுப்பதா, உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச்சினால் இழுப்பதா என்பதில் இலங்கையின் கரைகளிற் பல ஆண்டுகளாகத் தகராறு நிகழ்கின்றது. கயிற்றின் கனத்தைக் கொண்டே வலையின் நிலையை அறியும் கைகள் வின்ச்சுக்குத் தேவையில்லை. இழுக்க ஆள் கிடைப்பதில்லை என்கின்றனர் வலையின் சொந்தக்காரர். பங்கு போய்விட்டது என்கின்றனர் இழுத்தவர்கள். இருவர் கூறுவதும் உண்மையே.

அவ்வாறு இழுத்தவர்களின் பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் பப்ஜியும் ஃபிரீ ஃபயரும் ஆடுகின்றனர். தொலைக்காட்சியோடு இணைக்கும் பொறி அவர்களிற் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. அவர்களிடையேயும் அதே விவாதம் உண்டு: இரு பெருவிரல்களால் ஆடுவதா, சுட்டுவிரல்களையும் நண்டுக்கால்போல் வளைத்து நான்கு விரல்களால் ஆடுவதா, தொலைபேசியின் விளிம்பிற் கவ்வும் மலிவான விசைகளைப் பொருத்துவது நேர்மையா என்றெல்லாம் வாதிடுகின்றனர். கண்ணாடித் திரையிற் பொத்தான் படமாக மட்டுமே இருக்கின்றது. தொட்டறிய அங்கு எதுவுமில்லை. "எங்கட கைக்குப் பட்டன் வேணும் சேர், வேர்த்தா விரல் நிக்குதில்ல" என்று வள்ளமொன்றிற் சாய்ந்திருந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் கூறினார். பழைய கொன்ட்ரோலரை ஒருபோதும் சொந்தமாக வைத்திராத அவரே அதன் பக்கம் நின்றார் என்பது நமது கவனத்தை ஈர்த்தது.

அவருக்குப் பின்னால் லக்விஜய அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரிந்தது. சீன எக்சிம் வங்கியின் கடனோடு எழுந்து, 2011இல் முதற் பகுதியும் 2014இல் மூன்றாம் பகுதியும் திறக்கப்பட்ட, 900 மெகாவாட் கொள்ளளவுடைய, நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் அது. அதன் நிலக்கரித் தூசியும் சாம்பலும் தோட்டங்களிற் படிவதாக ஊரவர் நீண்டகாலமாக முறையிட்டு வருகின்றனர். கொழும்பிற் பெருந்திரையில் விளையாடுவோரின் பொறிகளும் அங்கிருந்து வரும் மின்சாரத்திலேயே பெருமளவுக்கு இயங்குகின்றன. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருண்டு, இந்நிலையத்தின் பொறிகள் மீண்டும் இணையாது சில நாட்கள் மின்வெட்டுத் தொடர்ந்தபோது, விளையாட்டுக்கு எஞ்சியிருந்தது தொலைபேசியின் மின்கலமே.

அதே ஆண்டு ஜூனில் நின்டென்டோவின் 'சுவிச் 2' வெளிவந்து நான்கு நாட்களில் முப்பத்தைந்து இலட்சம் விற்றது. அதன் கொன்ட்ரோலரைப் பக்கவாட்டில் நிறுத்தி, கணினியின் மவுஸ் போலத் தளத்தில் நகர்த்தி ஆடலாம். கை நோகும் என்றும், இதுவே எதிர்காலம் என்றும், இரு சாராரும் தத்தம் பழைய வாதங்களோடு மறுபடியும் எழுந்தனர். அதன் அமைப்பை அவ்விளைஞருக்கு விளக்கியபோது அவர் சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அத ஓட்டுறதுக்கு மேசை வேணுமே சேர்?"