மனம்போல வாழ்வும் மெய்கண்டார் நெறியும்

முன்னாளில் என்னிடம் தமிழ் பயின்று இந்நாளில் நகரத்து அலுவலகமொன்றிற் பணிபுரியும் அன்பர் ஒருவர், சென்ற தைத் திங்களில் சங்கராபுரம் வந்தபோது, மூன்று புத்தகங்களை என் கையிற் கொடுத்து, "ஐயா, தாங்கள் வகுப்பிற் சொல்லியவற்றையே இவர்களும் சொல்லுகிறார்கள், படித்துப் பார்த்துத் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். ஒன்று ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்னும் ஸ்காத்துலாந்தினர் 1859-இல் வெளியிட்ட தன்முயற்சி நூல். ஒன்று ஜேம்ஸ் கிளியர் என்னும் அமெரிக்கர் 2018-இல் சிறு பழக்கங்களைக் குறித்து எழுதியது. மற்றொன்று, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் 1903-இல் எழுதிய சிறு நூலின் தமிழாக்கமாகிய 'மனம்போல வாழ்வு'. ஆங்கில நூல்களை அகராதியின் துணைகொண்டு மெல்லப் படித்தேன். தமிழ் நூலை ஒரே இருக்கையிற் படித்து முடித்தேன், என்னை? மொழிபெயர்த்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்.

இத்தகைய நூல்களை நம்மவர் இருவகையாக நடத்துகின்றனர். ஒரு சாரார், இவை உலகாயதச் சரக்கு என்று தொடாமலே தள்ளிவிடுகின்றனர். மற்றொரு சாரார், இவையனைத்தும் நம் திருமுறைகளில் முன்னரே உள்ளன என்று மகிழ்ந்து, நாயன்மார் சரித்திரங்களை இவற்றிற்கு உதாரணமாக்கிப் பேசுகின்றனர். பின்னவராலேயே கேடு மிகுதி. ஓரூரிற் பேச வந்த ஒருவர், திருநாளைப்போவார் என்னும் திருப்பெயரைக் காட்டி, வேலையை நாளைக்குத் தள்ளிவைக்கும் சோம்பலுக்கு அவரை எடுத்துக்காட்டாக்கியதை என் செவியாற் கேட்டேன். தில்லைக்குச் செல்ல வேண்டுமென்னும் வேட்கை மிகுந்து அவ்விரவு துயிலாதிருந்தவர் அவர். விடிந்ததும் தம் பிறப்பை எண்ணி, செல்லுதல் தமக்கு இசையாதென்று அஞ்சி ஒழிந்தவர். பின்னும் வேட்கை மீதூர, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்றே நாட்களைக் கழித்தவர். அவரைத் தடுத்தது மடியோ, ஊரார் எழுப்பிய மதிலோ என்று அப்பேச்சாளர் சேக்கிழார் பெருமானைக் கேட்டிருக்கலாம்.

நிற்க. நல்லதை முதலிற் சொல்லிவிடுகின்றேன். கிளியர் என்பாருடைய நூலால் யான் நேரே பயனடைந்தேன். மடத்துப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், வைகறையில் எழுதலும், நீராடி அனுட்டானம் முடித்தலும், நேற்றைப் பாடத்தை ஆசிரியர்முன் நூலின்றி ஒப்பித்தலும் மூச்சு விடுவதுபோல் நடந்தன. பின்னர் முப்பதாண்டுக்கு மேற்பட்ட பள்ளிப் பணியில் அவ்வொழுங்கு தேய்ந்தது. ஓய்வு பெற்றபின் முற்றும் கழன்றது. மணியும் வகுப்பும் இல்லாத மனிதனுக்குக் காலைப்பொழுது எத்துணை நீளமானது என்பதை ஓய்வு பெற்றவரே அறிவர். புதுப் பழக்கத்தை வெறுவெளியில் நடாது, முன்னரே வேரூன்றிய பழக்கமொன்றன் அருகே நடுக என்பது அந்நூலார் கூறும் உபாயம். திருநீறு தரித்தலை யான் ஒருநாளும் விட்டதில்லை. ஆகவே திருநீற்றுச் சம்புடத்தின் பக்கத்திலே அடங்கன்முறையை வைத்தேன். நீறணிந்த கை அப்படியே நூலைத் திறந்தது. நாளொன்றுக்கு ஒரு பதிகம் என்று தொடங்கி இன்றளவும் நடந்துவருகின்றது. கடல் கடந்த ஒருவர் சொன்னதனால் இஃது எனக்கு இழிவென்று யான் எண்ணவில்லை.

ஆயின் அந்நூலார் கூறும் மற்றோர் உபாயமும் உண்டு. செய்த நாளைக் குறியிட்டு வருக, குறிகளின் சங்கிலி அறாமற் காக்க என்பது அது. நாட்காட்டியிற் சிவப்பு மையாற் குறியிட்டு வந்தேன். நாற்பது நாள் கழிந்தபின் ஒருநாள் கடுங்காய்ச்சல். எழுந்திருக்க இயலாத நிலையிலும் எழுந்து, ஒரு பதிகத்தை வாயால் உருட்டி முடித்துக் குறியை இட்டபின்பே படுத்தேன். படுத்தபின் எண்ணிப் பார்த்தேன். எத்தலத்துப் பதிகம் ஓதினேன் என்பதே நினைவில் இல்லை. குறி மாத்திரம் நினைவில் இருந்தது.

சாக்கிய நாயனார் சரித்திரம் அப்போது நெஞ்சில் எழுந்தது. புத்த வேடத்தை நீக்காமலே சிவலிங்கத்தைக் கண்டு அன்புமீதூர ஒரு கல்லை எறிந்தார். மறுநாள், நேற்று அவ்வெண்ணம் நிகழ்ந்தது அவனருளே என்று தெளிந்து, அதனையே நாடோறும் செய்யும் நியதியாகக் கொண்டார். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் உணவை விட்டு ஓடிச்சென்று கல்லெறிந்தார். அன்றே பெருமான் காட்சி கொடுத்தருளினான். இன்றைய பழக்க நூலார் வகுக்கும் இலக்கணமெல்லாம் இவர்பால் உண்டு: செயல் மிகச் சிறிது, நாடோறும் நிகழ்வது, உணவு என்னும் பழைய பழக்கத்தோடு பிணைக்கப்பட்டது. வேறுபாடு யாதோவெனின், அந்நூலார்க்குப் பழக்கம் தன்னை இன்னான் என்று தனக்கே நிறுவிக்கொள்ளும் சான்று. நாள்தோறும் ஓடுபவன், யான் ஓட்டக்காரன் என்று தன்னை நம்பத் தொடங்குகின்றான். சாக்கியர் எண்ணிய தொகை ஏதும் இல்லை. தம்மைத் தாம் பார்த்துக்கொண்டதாகவும் சேக்கிழார் கூறவில்லை. அவர் ஓடிய ஓட்டம் கணக்குக் குறையுமென்ற அச்சத்தால் நிகழ்ந்ததன்று. சரியை முதலியவற்றையும் நான்காக எண்ணிப் படியாக ஏறும் நம்மவருள்ளும் நாட்காட்டிக் குறியிடுவோர் பலர் உளர் என்பதை ஒளிப்பானேன்?

இனி 'மனம்போல வாழ்வு' என்னும் நூலுக்கு வருவோம். பிள்ளையவர்கள் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியதும், 1908 மார்ச்சில் சிறைப்பட்டதும், அவ்வாண்டு ஜூலை 7-ஆம் நாள் நாற்பது ஆண்டுத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பெற்றதும், கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்ததும் யாவரும் அறிவர். தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். இந்நூல் 1909-இல் வெளிவந்தது. அஃதாவது அவர் சிறையில் இருந்த காலத்தே. பின்னரும் ஆலனை விட்டாரல்லர். 'அகமே புறம்' 1914-இலும், 'வலிமைக்கு மார்க்கம்' 1916-இலும், 'சாந்திக்கு மார்க்கம்' 1934-இலும் வந்தன. மூலநூலாசிரியரும் துன்பம் அறியாதவர் அல்லர். பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே கொலையுண்ண, பதினைந்தாம் அகவையிற் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். 1912-இல் ஐம்பது அகவை நிரம்புமுன்னரே இறந்தவர்.

நூலின் கொள்கை சுருக்கமானது. மனம் ஒரு தோட்டம். நல்லெண்ணம் விதைத்தால் நன்மையும் தீயெண்ணம் விதைத்தால் தீமையும் விளையும். ஒருவனுடைய புறநிலை முழுவதும் அவனுடைய அகநிலையின் வடிவே. இந்நியதி பிறழாது என்பது. தமிழ்நடை தெளிவும் வீறும் உடையது. படிப்பவனைச் சாய்ந்திருக்க விடாது நிமிர்ந்து உட்காரச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் சித்தாந்தம் கற்றவனுக்கு முதற் பக்கத்திலேயே ஐயம் எழும். மனம் என்பது அந்தக்கரணம் நான்கனுள் ஒன்று, மாயாகாரியம், சடம். கரணங்களை அமைச்சராகவும் ஆன்மாவை அரசனாகவும் வைத்து, அரசன் வேறு அமைச்சர் வேறு என்று சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்து விளங்கக் காட்டினார் மெய்கண்ட தேவர். அமைச்சனையே அரசனாக முடிசூட்டுகின்றார் ஆலன். வினை தானே தன் பயனைத் தேடிவந்து ஊட்டும் என்பதும் நமக்கு உடன்பாடன்று. அறிவில்லாத வினையை அறிவுடைய முதல்வன் தன் ஆணையாற் கூட்டவே அஃது உயிரைச் சேரும் என்பது இரண்டாஞ் சூத்திரத்தின் துணிபு. எம் நடுநாட்டுத் திருவெண்ணெய்நல்லூரிற் பிறந்த இந்நூலைப் பயின்றார்க்கு இவற்றை விரித்தல் வேண்டா.

விரிக்க வேண்டுவது வேறொன்று. நல்லெண்ணத்திற்குத் தீய விளைவு இல்லை என்பது ஆலனுடைய உறுதி. சங்கராபுரத்திலிருந்து தொலைவில்லாத திருக்கோவலூரை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். அடியார் வேடத்தைக் கண்டால் வணங்குதலே அவருடைய மனம். அம்மனத்தைக் கண்டறிந்தே முத்தநாதன் நீறு பூசி, புத்தகக் கவளிகையுள் வாளை ஒளித்து வந்தான். அம்மனம் இல்லையேல் அவ்வாள் அவரிடம் அணுகியிராது. அகமே புறமாயின் இங்கே அகம் எது, புறம் எது? குத்துண்டு வீழ்ந்தபின்னும், 'தத்தன்' என்னும் மெய்காப்பாளனைத் தடுத்து, கொன்றவனை ஊறின்றி ஊரெல்லை கடத்தச் செய்ததே அவர் அகம். வாளை அவர் எண்ணி விதைத்தார் என்று சொல்லத் துணிபவர் யார்?

இன்னும் அணித்தான உதாரணம் பிள்ளையவர்களே. விடுதலைக்குப்பின் 1936 நவம்பரில் உலக வாழ்வை நீக்கும்வரை அவருக்கு வறுமையே துணையாயிருந்தது. வாழ்வைக்கொண்டு மனத்தை அளப்பதாயின், அவருடைய மனத்தை எவ்வாறு அளப்பது? ஒடுக்குவோனும் ஒடுங்குவோனும் ஒரே அறியாமையின் இரு கூறென்னும் கருத்தும் ஆலன் நூலில் உண்டு. செக்கிழுத்த ஒருவர் அப்பகுதியைத் தமிழாக்கினார் என்பதை எண்ணுந்தோறும் என் கை நடுங்குகின்றது.

இவ்விடத்தில் நண்பர் ஒருவர் தடை நிகழ்த்தினார். "பிள்ளையவர்கள் 1934-இல் ஆலனையும் 1935-இல் சிவஞானபோத உரையையும் வெளியிட்டவர். அவர் காணாத முரணை நீர் காண்பது எங்ஙனம்?" என்றார். தக்க தடையே, பன்னாள் என்னை உறங்கவிடவில்லை. இலக்கணம் கற்றவனாதலின் இலக்கணத்தாலேயே விடை தோன்றிற்று. 'என் நிலைக்கு என் எண்ணமே காரணம்' என்னும் வாக்கியத்தைத் தன்மையிடத்திற் சொல்லிப் பார்க்க. சிறையில் அடைபட்ட ஒருவர், பூட்டும் காவலும் பிறர் கையில் இருக்க, தம் கையில் எஞ்சியது தம் எண்ணமொன்றே எனக் கண்டு அதனைப் பற்றினார் எனின், அது சங்கற்பம். தவம் எனினும் பொருந்தும். முன்னிலையிற் சொல்லின், சொல்லும் உரிமை தனக்குண்டா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டிய அறிவுரை. படர்க்கையில், 'அவன் நிலைக்கு அவன் எண்ணமே காரணம்' என்று சொல்லின், அது பழி. பிள்ளையவர்கள் தன்மையிடத்து வைத்துப் படித்தார். அதனால் முரண் தோன்றவில்லை என்றே கொள்கின்றேன். இன்று மேடைகளில் அதனையே படர்க்கையாக்கிக் கூலி பெற்றுப் பேசுகின்றனர்.

பிறரைச் சொல்லி என்ன? 2024 ஜூனில் எம் மாவட்டத் தலைநகராகிய கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அச்செய்தி வந்த மாலையில் எங்கள் தெருத் திண்ணையில், குடித்தவர் மனம் கெட்டது, வாழ்வும் கெட்டது என்றார் ஒருவர். "அவரவர் வினை" என்றேன் யான். திருநீறு அணிந்த நெற்றியோடு சொன்னேன். ஆலனுடைய நூலை அப்போது யான் கண்டதுமில்லை.

இவ்வாண்டு, முன்சொன்ன காலைப் பழக்கத்தின் வரிசையிலே திருநீலகண்டத் திருப்பதிகம் வந்தது. திருக்கொடிமாடச் செங்குன்றூரில், பனிக்காலத்து நளிர்சுரம் அடியார்களைப் பற்றியபோது ஆளுடைய பிள்ளையார் அருளிச்செய்தது. முற்செய்த வினைக்கு இது பயன் என்று கூறிக்கொண்டு உய்தி நாடாதிருத்தலைக் குறையென்றே அப்பதிகம் தொடங்குகின்றது. இளமையில் இதனை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசும் பெற்றிருக்கின்றேன். நோயுற்றாரை நோக்கி நும் வினை என்று பிள்ளையார் சொல்லவில்லை. தம்மையும் அவரோடு சேர்த்து வைத்து, வினை எம்மைத் தீண்டா என்று ஆணையிட்டருளினார். உளப்பாட்டுத் தன்மைப் பன்மையின் பயன் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. வினைக்கோட்பாடும் படர்க்கையில் வந்தால் ஆலன் கொள்கையினும் கொடிதாகும்; ஆலனுக்கேனும் மனத்தை இன்றே மாற்றலாம் என்னும் ஆறுதல் உண்டு.

இதனால் இந்நூல்களைச் சைவர் விலக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. பழக்க நூலிலே உபாயத்தைக் கொள்க. குறியிடுவதை அவரவர் நெஞ்சைப் பார்த்துக் கொள்க. ஸ்மைல்ஸ் நூலைப் பற்றிச் சொல்லாது விட்டேன். உழைத்து உயர்ந்தோர் வரலாறுகளின் தொகுதி அது, இளைஞர் படிக்கலாம், அவ்வளவே. 'மனம்போல வாழ்வு' நூலைத் தமிழுக்காகவும், அது பிறந்த இடத்திற்காகவும் படித்தே ஆகவேண்டும். ஆனால் அதனைப் படிப்போர் பிள்ளையவர்களின் 1935-ஆம் ஆண்டுச் சிவஞானபோத உரையையும் உடன்வைத்துப் படித்தல் நன்று. அவ்விரண்டிற்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள் உள்ளன. 1909-இல் மனத்திற்குக் கொடுத்த அரியணையை 1935-இல் அவ்வுரையாசிரியர் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சொல்லுக்குச் சொல் ஒப்புநோக்கி எழுதுவதற்கு இளம்புலவர் எவரேனும் முன்வந்தால், என்னிடமுள்ள குறிப்புக்களை மகிழ்வோடு தருவேன். நூல்களைக் கொடுத்த மாணாக்கர்க்கும் இதையே எழுதியிருக்கின்றேன். நாட்காட்டியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். அடங்கன்முறை சம்புடத்தின் பக்கத்திலேயே இருக்கின்றது.