முன்வில்லும் பின்வில்லும் ஒத்துப்போகின்றனவா?

கோவை சைக்கிள் கடைகளில் பள்ளி மாணவர்களின் கண்ணை முதலில் இழுப்பது 'டபுள் சஸ்பென்ஷன்' வண்டிதான். முன் ஃபோர்க்கில் சுருள்வில். சீட்டுக்கு அடியில் தடித்த சுருள்வில் இன்னொன்று. பையன் ஹேண்டில்பாரை அழுத்துவான், சீட்டைக் குலுக்குவான். இரண்டும் அமுங்கினால் தந்தையார் பணத்தை எடுப்பார். வில் இருக்கிறது என்பதற்கே இச்சோதனை சான்றாகும். இரண்டும் இசைந்து வேலை செய்யுமா என்பதை அது காட்டாது.

பழைய கறுப்புச் சைக்கிளுக்கு இத்தொல்லை இல்லை. தோல் சீட்டின் அடியிலிருந்த சுருள்விற்களே குலுக்கலை ஏற்றன. மலைச் சைக்கிளில் வில் முதலில் முன்சக்கரத்துக்கே வந்தது. 1990இல் அமெரிக்காவின் துராங்கோ நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில், மலை இறக்கப் பந்தயத்தை வென்றவரின் வண்டியில் முன்வில் இருந்தது. பின்வில் பரவியது அதன் பின்னரே.

சில பின்விற்களில் 750 என்று பொறித்திருப்பதைக் காணலாம். அது 750 பவுண்டு தாங்கும் என்று பொருளன்று. ஓர் அங்குலம் அமுக்க 750 பவுண்டு விசை வேண்டும் என்பதே பொருள். ஆனால் வில் சக்கரத்தின்மேல் நேராக நிற்கவில்லை; நெம்புகோல் ஒன்றின் வழியாகவே அமுங்குகிறது. சக்கரம் இரண்டரை அங்குலம் எழும்பினால் வில் ஓர் அங்குலம் அமுங்குவதாகக் கொள்வோம். விசை இரண்டரை மடங்கு குறைகிறது. நகர்ச்சியோ இரண்டரை மடங்கு கூடுகிறது. ஆகவே சக்கரத்தில் விறைப்பு 750ஐ 6.25ஆல் வகுத்த 120தான்! பொறித்த எண்ணை மட்டும் கண்டு முன்வில்லோடு ஒப்பிடுவது வீண்.

ஒப்பிட வேண்டியது அமிழ்வை. 60 கிலோ பையனின் எடையில் 36 கிலோ பின்னே விழுந்தால், இந்த வண்டியின் பின்புறம் சுமார் 17 மி.மீ. அமிழும். ஈர்ப்பு முடுக்கத்தை அமிழ்வால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28ஆல் வகுத்தால் அலைவெண் கிடைக்கும்: நொடிக்கு ஏறக்குறைய 4. (டயரின் நெகிழ்வை விட்டுவிட்டோம்.) முன்புறம் 6 மி.மீ. மட்டுமே அமிழ்ந்தால் அங்கே அலைவெண் 6க்கும் மேல். ஒரே வண்டியில் இரு தாளங்கள்.

இதற்குக் கடைக்காரர் சொல்லும் மருந்து, பின்வில்லின் வளையத்தைத் திருகுவது. திருகினால் வில் முன்கூட்டியே இறுகுகிறது, சீட்டு உயர்கிறது. விறைப்பு எண் இம்மியும் மாறுவதில்லை. மாற்ற வேண்டியது வில்லையே.

முன்வில் பின்வில்லைவிட மென்மையாக இருக்கவேண்டும் என்பது மோட்டார் காருக்கு மாரிஸ் ஆலி என்ற பொறியியலார் 1930களில் கண்ட விதி. பின்னால் மேட்டில் ஏறும் வில் சற்று விரைவாக அலைந்து முன்வில்லை எட்டிப்பிடித்தால் ஊசலாட்டம் தணியும். சைக்கிளுக்கு இது பொருந்தாது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வேகத்தடையில் முன்சக்கரம் ஏறிக் கால் நொடி கழித்தே பின்சக்கரம் ஏறும். அதற்குள் முன்வில் ஓர் அலைவையே முடித்திருக்கும். மேலும், மருதமலைச் சாலையில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் எடை முன்னே சாய்கிறது. ஆதலின் மலைச் சைக்கிளில் முன்புறம் சற்றுக் குறைவாக அமிழ்வதே நன்று. மூன்றில் ஒரு பங்காக அன்று.

இன்னொரு குறை பெரிது. மலிவான வண்டிகள் பலவற்றில் வில் மட்டுமே உண்டு, அலைவைத் தணிக்கும் எண்ணெய் அமைப்பு இல்லை. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சீட்டு எழுந்து தாழும்; பையனின் உழைப்பு வில்லில் உராய்ந்து வெப்பமாகிறது. அதே விலையில் பின்வில் இல்லாத, நல்ல பிரேக்கும் அகன்ற டயரும் உள்ள வண்டி கிடைக்குமானால், தடாகம் சாலைக்கு அதுவே போதும்.