நந்தனாரும் ரோதைமுனியும்

சமயபாடத்துக்கு மணி அடித்ததும் எமது வகுப்பு மூன்றாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் வாங்குகளில் இருப்பர். கத்தோலிக்கப் பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போவர். கற்பிக்க ஆளில்லாத இரண்டு மூன்று பேர் விறாந்தையில் குந்தியிருந்து தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருப்பர். வானம் வெளித்த நாட்களில் அவர்கள் பார்க்கும் திசையில் சிவனொளிபாதமலையின் சிகரம் தெரியும். அதன் உச்சியிலுள்ள ஒரே பாதச்சுவட்டைப் புத்தருடையதென்றும், சிவனுடையதென்றும், ஆதமுடையதென்றும் கொண்டு, மார்கழி முதல் வைகாசி வரை பல சமயத்தவரும் ஒரே படிகளில் ஏறுகின்றனர். அந்த மலையின் அடிவாரத்துப் பிள்ளைகளைத்தான் நாம் ஒரு பாடவேளைக்குச் சுவர் வைத்துப் பிரிக்கிறோம்.

சமயம் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையின் கட்டாய பாடங்களுள் ஒன்று. அவரவர் சமயத்துக்குரிய நூலை அரசாங்கம் இலவசமாக வழங்குகிறது. அதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. நாட்டுக்கு 1945இல் கிடைத்த இலவசக் கல்வி தோட்டப் பள்ளிக்கூடங்களை எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். ஆகவே நூல் கையில் கிடைப்பது பெரிய காரியம். எமது விமர்சனம் நூலின் உள்ளே இருப்பதைப் பற்றியது.

சைவநெறி என்ற அந்த நூலில் இருப்பது யாருடைய சைவம்? பதி, பசு, பாசம், சரியை, கிரியை, யோகம், ஞானம், ஆகமக் கோயில், நாயன்மார், ஆறுமுக நாவலர். நாவலரின் (1822-1879) தொண்டை மறுப்பவர் தமிழ் வசனத்தின் வரலாற்றையே அறியாதவர். மிஷனரிமாரின் ஆயுதமான அச்சுயந்திரத்தைத் தாமும் கையிலெடுத்து, பிள்ளைகளுக்கு விளங்கும் நடையில் பாலபாடம் எழுதியவர் அவர். ஆனால் உயிர்ப்பலி கொள்ளும் தெய்வங்களின் வழிபாட்டைச் சைவத்துக்கு ஒவ்வாததெனக் கண்டித்தவரும் அவரே. அந்த மரபில் வளர்ந்த பாடத்திட்டத்தில், லயத்தின் முனையில் கல்லாக நிற்கும் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் இடம் ஏது?

ஒருமுறை, வீட்டில் கும்பிடும் தெய்வத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னோம். எல்லாரும் பிள்ளையாரையும் முருகனையும் எழுதினர். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சிறுமியிடம், "அப்பா அங்கே யாரைக் கும்பிடுகிறார்?" என்று கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரோதைமுனிய சேர். ஆனா அது சாமி இல்ல."

அது சாமியில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமல்ல, எமது பாடந்தான்.

ரோதை என்பது யந்திரச் சக்கரம். தமிழகத்து வயல்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், தாம் முன்னர் கண்டிராத யந்திரத்தின் முன்னே நின்று, தாமே ஆக்கிக்கொண்ட தெய்வம் ரோதைமுனி. எந்த ஆகமத்திலும் அவருக்கு இலக்கணம் இல்லை. உழைப்பிலிருந்தும் பயத்திலிருந்தும் தெய்வம் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட அருகான உதாரணம் உலகில் எங்கே கிடைக்கும்? இதனால் ரோதைமுனியைத் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். சக்கரத்துக்குக் கிடா வெட்டுவது, சக்கரத்துக்குக் காப்புவேலி போடுவதிலும் நிர்வாகத்துக்கு மலிவானது. இதையும் வகுப்பிலே பேச வேண்டும் என்பதே எமது கட்சி.

திருநாளைப்போவார் கதைக்கு வருவோம். தோட்டத்து மக்களிற் பெரும்பான்மையோர் ஊரிலே சேரிகளில் ஒதுக்கப்பட்டிருந்த குலங்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு முன்னால், சிதம்பரத்துக்குள் நுழைய நந்தனார் தீயில் இறங்கிப் பூணூலோடு எழுந்தார் என்று சொல்வது இலேசான காரியமா? பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையாரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கொண்டுவந்து சேர்த்தார். அறுவடையை முடித்தாலன்றிச் சிதம்பரம் போக விடமாட்டேன் என்ற அந்த வேதியர் கதையை நாம் சொன்னபோது, பின்வாங்கிலிருந்து ஒரு பையன், "கொழுந்து குறைஞ்சா அரைப்பேர் போடுற மாதிரியா சேர்?" என்றான். வகுப்பு சிரித்தது. மற்றொருவன் சிரிக்கவில்லை. "சாமிக்கு அவர பிடிக்குந்தானே, அப்ப ஏன் நெருப்புல எறங்கச் சொன்னாரு? கோயில்ல இருந்தவங்கள ஏன் எறங்கச் சொல்லல?" என்று கேட்டான். பரீட்சைத் தாள் கேட்பதோ நந்தனார் பிறந்த ஊரை. விடை ஆதனூர், ஒரு புள்ளி.

நமது நண்பர்கள் சிலர், சமயபாடத்தை அடியோடு அகற்றிவிட்டால் வில்லங்கம் தீர்ந்தது என்கின்றனர். இந்திய அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சமய போதனையைத் தடுத்திருக்கிறது. ஆயினும் 2008இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புச் சமூகவியல் நூலில், மகனுக்கு மதம் குறிக்க விரும்பாத பெற்றோரைப் பற்றிய ஒரு சிறு பாடம் வந்ததும் என்ன நடந்தது? நூல்கள் கொளுத்தப்பட்டன. கிளர்ச்சியின்போது தாக்கப்பட்ட ஒரு தலைமையாசிரியர் உயிரிழந்தார். பாடவேளையை எடுத்துவிட்டாலும், கேட்கப்படாத கேள்விகள் வெளியே பகையாகத் திரண்டு நிற்கும். இங்கிலாந்தில் 2018இல் அறிக்கை விடுத்த ஆணைக்குழுவொன்று, பாடத்தின் பெயரையே 'சமயமும் உலகநோக்குகளும்' என மாற்றி, கடவுளை ஏற்காதோரின் நோக்கையும் அதில் சேர்க்கச் சொன்னது. அவர்களுடைய தேவை வேறு, எமது தேவை வேறு. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஓரறையில் இருந்து படிக்கும் பாடம் என்ற அளவில் அந்த யோசனை எமக்கும் உகந்ததே.

இப்போது விறாந்தைப் பிள்ளைகளையும் நாம் உள்ளே அழைத்து இருத்துகிறோம். அனுமதி கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது. சென்ற தவணையில் அந்தச் சிறுமி மீண்டும் ஐந்து வசனம் எழுதித் தந்தாள். நான்கு ரோதைமுனியின் பூசையைப் பற்றியவை. ஐந்தாவது, கிடா வெட்டிய பின்பும் சித்தப்பாவின் விரல்கள் சக்கரத்தில் போனது ஏன் என்று கேட்டது. அதற்குப் புள்ளி போடும் இடம் எமது மதிப்பெண் பதிவேட்டில் இல்லை.