எந்த நிலையில் இருக்கிறது அந்த ஆர்டர்?

திருப்பூரைப் பற்றிய வணிகச் செய்திகளில் 'ஆர்டர்' என்ற சொல் இல்லாத நாள் அரிது. ஆங்கில நாளிதழ்களில் இந்த ஒரே சொல் நீதிமன்றம் சொல்வதையும், அரசு வெளியிடுவதையும், அமெரிக்க அதிபர் கையெழுத்திடுவதையும் குறிக்கும். தமிழ் இதழ்கள் இவற்றை உத்தரவு, அரசாணை, நிர்வாக ஆணை என்று பிரித்து எழுதப் பழகிவிட்டன. வியாபார ஆர்டர் மட்டும் ஆர்டராகவே நிற்கிறது. பனியன் கம்பெனியில் பேசும் சொல் அதுதான் என்பதால் அதில் குறையில்லை. அதற்குள் அடங்கிய வெவ்வேறு நிலைகளைச் செய்தி பிரித்துக் காட்டாததுதான் குறை.

வெளிநாட்டு வர்த்தகர் விலை கேட்பதையும் ஆர்டர் என்கிறோம். சாம்பிள் ஒப்புதலாகி, விலை படிந்து, எழுத்துமூலம் உறுதியானதும் ஆர்டர்தான். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங் முடித்துக் கட்டிங் டேபிளில் விரித்த துணியும் ஆர்டர்தான். கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் உரிமையாளருக்கோ வெட்டிய பீஸ்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கினால்தான் ஆர்டர். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தபோது, அங்குள்ள ஆர்டர்கள் திருப்பூருக்குத் திரும்புவதாகச் செய்திகள் வந்தன. விசாரிப்பு வந்ததா, உறுதியான கொள்முதல் வந்ததா என்பதைப் பல செய்திகள் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது 'ஆர்டர்கள் நின்றன' என்று படித்தோம். தைத்துப் பெட்டி கட்டிய சரக்கு குடோனில் நின்றால் ஏற்றுமதியாளரின் முதல் முடங்குகிறது. தையலுக்கு முன்பே நின்றால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரின் வாரக் கூலி போகிறது. இரண்டு இழப்புகளையும் ஒரே வரி மூடிவிட்டது.

இதே ஊரின் நீதிமன்றச் செய்திகளில் இந்தத் தெளிவின்மை கிடையாது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவை ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஆகிய மூன்றையும் நிருபர்கள் குழப்பவில்லை. இடைக்கால உத்தரவா, இறுதி உத்தரவா, மேல்முறையீடு உண்டா என்று கேட்டு எழுதுவது அவர்களுக்குப் பாலபாடம். 700க்கும் மேற்பட்ட ஆலைகளின் கதி அந்தச் சொற்களில் தொங்கியது. ஒரு வியாபார ஆர்டரிலும் பலரின் பிழைப்பு தொங்குகிறது. அதற்கு மட்டும் அந்தக் கேள்விகள் வேண்டாமா?

வாங்குபவர் பெயரும் விலையும் தொழில் ரகசியம், கம்பெனிகள் வாய் திறக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் நிலையைச் சொல்லப் பெயரும் விலையும் தேவையில்லை. தலைப்பில் இடமில்லை என்பது இன்னொரு மறுப்பு. தலைப்பில் இல்லாவிட்டால் முதல் பத்தியில் ஒரு வாக்கியம் போதும். திருப்பூர்க்காரர்களுக்கு விவரம் தெரியும் என்ற மூன்றாவது மறுப்புதான் வலுவானது. ஆனால் செய்தி ஊர் எல்லையில் நிற்பதில்லை. 'ஆர்டர் குவிகிறது' என்ற வரியை நம்பி தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ குடும்பத்தோடு பஸ்ஸும் ரயிலும் ஏறுபவருக்கும், கடன் வாங்கி நாலு மெஷின் கூடுதலாகப் போடும் பவர் டேபிள்காரருக்கும் அது வெறும் விசாரிப்பு என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே, விசாரிப்பை விசாரிப்பு என்றும், உறுதியானதை உறுதியானது என்றும், நிறுத்திவைத்ததை எந்தக் கட்டத்தில் நிறுத்தினார்கள் என்றும் எழுத வேண்டும். நீதிமன்ற வாசலில் கற்ற அந்த ஒழுக்கத்தைப் பனியன் கம்பெனி வாசலிலும் கடைப்பிடித்தால், நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பது செய்தியிலேயே தெரிந்துவிடும்.