லாகூர் ஆவணமும் நமது அவசரத் தீர்ப்புகளும்

பகை கொண்ட இரு நாடுகள் அணுவாயுதம் குறித்துப் பேச அமர்ந்தால், முதல் கையொப்பத்தின் மை உலரும் முன்பே அதன் மதிப்பைச் சொல்லிவிட நாம் துடிக்கிறோம். அமைதி பிறந்துவிட்டது என்பர் ஒரு சாரார். எல்லாம் நாடகம் என்பர் மறு சாரார். ஆவணத்தை வாசியாமலே தீர்ப்புரைப்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். இக்குறைக்கு நானும் விலக்கல்லன்.

1998 மே மாதத்தில் பொக்ரானிலும் சாகாயிலும் அணுகுண்டுச் சோதனைகள் நிகழ்ந்தன. ஓராண்டு நிறைவதற்குள், 1999 பிப்ரவரி 20 அன்று, பிரதமர் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் சென்றார். மறுநாள் அவரும் நவாஸ் ஷரீஃபும் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர். அந்நாளில் பாடம் முடிந்ததும் ஒரு மாணவர், "ஹஜ்ரத், இனிப் போர் வராதுதானே?" என்று கேட்டார். "இன்ஷா அல்லாஹ், வராது" என்றேன். ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் வாங்கிய நாளிதழின் புகைப்படம் ஒன்றே எனக்கு ஆதாரம். மே மாதம் கார்கிலில் போர் மூண்டது. மாணவர் மீண்டும் கேட்கவில்லை. நானோ, லாகூர் முழுவதும் வஞ்சனை என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் தீர்ப்பும் முதலாவதைப் போன்றே பிழையானது என்பது பின்னர்தான் புலப்பட்டது.

லாகூரில் கையெழுத்தானவை இரண்டு ஆவணங்கள். பிரதமர்களின் பிரகடனம் பெருஞ்சொற்களால் ஆனது. அதே நாளில் வெளியுறவுச் செயலர்கள் ரகுநாத்தும் ஷம்ஷாத் அகமதும் ஒப்பமிட்ட புரிந்துணர்வுக் குறிப்பு அடக்கமான நடையுடையது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டி அறிவித்தல், அணுவாயுத விபத்து நேர்ந்தால் உடனே தெரிவித்தல் ஆகியவற்றை அது பேசியது. கார்கிலும், 2001 நாடாளுமன்றத் தாக்குதலும், எல்லையில் படைகள் குவிந்த 2002ஆம் ஆண்டும் கடந்த பின், அவ்விரு கருத்துகளும் 2005 அக்டோபரிலும் 2007 பிப்ரவரியிலும் தனி ஒப்பந்தங்களாயின. விதை முளைக்க ஆறும் எட்டும் ஆண்டுகள் ஆயின. மூன்றே மாதத்தில் தீர்ப்பெழுதியவர்கள் எதைக் கண்டிருக்க இயலும்?

இதனினும் தெளிவான சான்று 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாதில் கையெழுத்தான உடன்பாடு. ஒருவர் மற்றவரின் அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என்பது அதன் சாரம். ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் நாள், நிலையங்களின் பட்டியலை அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என அது விதித்தது. நட்பு, சகோதரத்துவம் போன்ற சொற்களை அது நம்பியிருக்கவில்லை. நாளும் கடமையுமே அதன் பலம். முதற்பட்டியல் 1992இல் கைமாறியது. கார்கில், மும்பைத் தாக்குதல், 2019 பாலாகோட், 2025 மே மாதச் சண்டை அனைத்தையும் தாண்டி, 2026 சனவரி முதல் நாள் 35ஆம் முறையாக அது நிகழ்ந்தது.

அரபு மொழி இங்கே நமக்கு ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கிறது. 'ஹுத்னா' என்பது போர்நிறுத்தம். அதன் வேர்ச்சொல் அமைதியடைதலைக் குறிக்கும். 'ஸுல்ஹ்' என்பது சமாதானம். அதன் வேர்ச்சொல் சீராதலைக் குறிக்கும். ஹுத்னாவிடம் ஸுல்ஹின் பலனைக் கேட்பது நம் தவறு. பகைவர்களின் முதல் உடன்பாடு பெரும்பாலும் ஹுத்னாவே. பகை தீர்ந்ததா என்று அதனிடம் கேட்பது பொருந்தாது. பகை நீடிக்கும்போதும் எந்தக் கடமை நிறைவேறுகிறது என்றே கேட்க வேண்டும்.

இவ்வளவுகோல் குறைகளையும் காட்டும். 1988 உடன்பாட்டில் பட்டியலைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. நகரங்களுக்கு அது காப்பளிக்கவுமில்லை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குரூஸ் ஏவுகணை பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. 2005 ஒப்பந்தம் பாலிஸ்டிக் வகையின் சோதனைகளுக்கே உரியது. 2007 ஒப்பந்தமோ அணுவாயுத விபத்துகளுக்கு உரியது. இவ்விரண்டின் இடைவெளியில் அந்த ஏவுகணை பறந்தது. நீண்ட ஆயுளும் உறுதிப்பாடாகாது: 1960 முதல் போர்களைத் தாண்டி நின்ற சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்தி வைத்தது.

நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. கல்பாக்கமும் கூடங்குளமும் அவ்வுடன்பாட்டின் வரையறைக்குள் அடங்குபவை. மேலும், இரு நாட்டு உறவு கெடும்போதெல்லாம் இந்திய முஸ்லிமின் நாட்டுப்பற்றுக்குச் சான்று கேட்கும் குரல்கள் எழுகின்றன. ஆகவே நற்செய்தி எதையும் இறுகப் பற்றிக்கொள்ள நமக்குக் கூடுதல் காரணம் உண்டு. அந்த ஏக்கம் இயல்பானதே. ஆயினும் அது நம் வாசிப்பைக் கெடுத்துவிடலாகாது. என்னைக் கெடுத்தது அதுவே.

இனி எங்கேனும் இத்தகைய பேச்சு தொடங்கினால் மூன்று கேள்விகளைக் கேட்போம்: கடமைக்கு நாள் குறிக்கப்பட்டுள்ளதா? அது நிறைவேறியதைக் காண வழியுண்டா? சினம் மூண்ட ஆண்டிலும் அது நிறைவேறியதா? மூன்றாம் கேள்விக்கு விடை கிடைக்கக் காலம் வேண்டும். அம்மாணவர் இன்று கேட்பாராயின், "போர் வராது என்று அந்தத் தாள் சொல்லவில்லை, அது என்ன சொல்கிறது என்று சேர்ந்து படிப்போம், வாருங்கள்" என்பேன்.