இளையாளின் வேண்டுகோள்: ‘தீபன்’ திரைப்படம் குறித்து

போர் முடிந்த நாளிலேயே சிறார் உள்ளத்திலும் போர் முடிந்துவிடுவதில்லை. அவ்வுள்ளம் மீண்டும் அன்பை நம்பக் கூடுமோ என்னும் வினாவை, ழாக் ஓதியார் இயக்கிய ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படம் எழுப்புகின்றது. 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற இப்படத்தின் உரையாடல் பெரும்பாலும் தமிழே. தலைமைப் பாத்திரமேற்ற எழுத்தாளர் ஷோபாசக்தியும் பதின்பருவத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின்னர் விலகியவர்.

ஈழப்போரின் முடிவில் முன்னாள் போராளி ஒருவனும், யாழினி என்னும் பெண்ணும், பெற்றோரை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி இளையாளும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளோடு பிரான்சு சேர்கின்றனர். தந்தை, தாய், மகள் என்பது அதிகாரிகளுக்காகப் புனைந்த பொய். அப்பொய்யை மெய்யாக்க முதலில் முயல்பவள் சிறுமியே. பள்ளி வாயிலில் ஏனைய தாய்மார் செய்வதுபோல் தன்னையும் முத்தமிடுமாறு யாழினியைக் கேட்கின்றாள். யாழினிக்கோ அது தயக்கமாயிருக்கின்றது. எல்லாம் இழந்த குழந்தை அன்பைக் கேட்கத் துணிவதே இப்படத்தின் உண்மையான நம்பிக்கை என்போம்.

இறுதிப்பகுதி இந்நம்பிக்கைக்கு நீதி செய்யவில்லை. போதைப்பொருள் கும்பலின் சண்டையில் சிக்கிய யாழினியைத் தீபன் மீண்டும் ஆயுதமெடுத்தே மீட்கின்றான். அடுத்து இங்கிலாந்தில் இனிய இல்லமும் கைக்குழந்தையும் காட்டப்படுகின்றன. கொலையின் சுவடு ஓரிடம் பெயர்ந்ததால் அழிந்துவிடுமோ? இளையாள் தொடங்கிய மெதுவான நற்பணியை வன்முறையும் நல்ல ஊரும் முடித்துவைத்ததாகக் கூறுவது, காயத்தை ஆற்றாது மூடுவதேயாகும்.

பவுலடியார் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் மீட்பைப் புத்திர சுவிகாரமாகக் காண்கின்றார். பிறப்பால் உரிமையற்றோரைப் பிள்ளைகளாக ஏற்பதே அதன் பொருள். பூதலூர் வயல்களிடையே ஊழியஞ்செய்யும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளியின் கொட்டப்பட்டு முகாமில் ஈழத்துக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறினால் போதுமா? அங்குள்ள பிள்ளை நம் ஞாயிறு பள்ளிக்கு வருமாயின், அதனை விருந்தாளியாக அன்றி வீட்டுப் பிள்ளையாக நடத்துவோமா? இளையாளின் வேண்டுகோள் திருச்சபையின் முன்னும் நிற்கின்றது.